வாடகைக் காரும் அயல்நாட்டுச் சாலையும்

அயல்நாட்டுப் பயணம் என்பது இன்று செல்வர்க்கு மட்டுமே உரியதன்று. நடுத்தரக் குடும்பத்தினரும் சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, ஒருமுறையேனும் கடல் கடந்து சென்று வருகின்றனர். அவ்வாறு செல்வோருள் பலர் இப்போது சுற்றுலாக் குழுவின் பேருந்தை எதிர்பார்ப்பதில்லை. இறங்கிய இடத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்கின்றனர். விரும்பிய இடத்தில் நிற்கின்றனர். விரும்பிய பொழுதில் புறப்படுகின்றனர். இதில் உள்ள இன்பம் பெரிது. இதில் உள்ள பொறுப்போ அதனினும் பெரிது. அந்தப் பொறுப்பைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுபவள். விதிகளும் அறிவிக்கைகளும் ஒப்பந்தங்களும் நாள்தோறும் என் மேசைக்கு வருவன. ஒரு சொல்லின் பொருளைத் தெளியாமல் அடுத்த சொல்லுக்குச் செல்வது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத பிழை. அத்தகைய தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்த நான், அயல்நாட்டு விமான நிலையம் ஒன்றில், பத்தொன்பது பக்க ஒப்பந்தம் ஒன்றைப் படிக்காமலே கையெழுத்திட்டேன். அதனால் நேர்ந்ததைக் கூறுவதற்கு எனக்கு வெட்கம்தான். எனினும் பிறர்க்குப் பயன்படுமாயின் வெட்கத்தை ஒதுக்கிவிடலாம் அல்லவா?

நாங்கள் சென்ற நாடு ஐஸ்லாந்து. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில், நானும் என் கணவரும் கல்லூரியில் பயிலும் எங்கள் மகளும் புறப்பட்டோம். வட அட்லாண்டிக் பெருங்கடலில், துருவ வட்டத்தை ஒட்டினாற்போல் கிடக்கும் தீவு அது. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. மக்கள்தொகையோ நான்கு இலட்சத்துக்கும் குறைவு. எரிமலைகளும் பனிப்பாறைகளும் அருகருகே இருக்கும் அந்நாட்டில் இரயில் பாதையே கிடையாது. தீவைச் சுற்றி ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நெடுஞ்சாலை செல்கிறது. அதற்கு எண் ஒன்று. பெயர் வட்டச் சாலை. அந்நாட்டைக் காண விழைவோர்க்குக் காரைவிட ஏற்ற ஊர்தி வேறில்லை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்னும் ஆவணத்தையும் பெற்றுக்கொள்வது நன்று. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவாச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையை ஒட்டி இது வழங்கப்படுகிறது. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் இதன் வடிவம் வேறுபட்டிருந்தது. நாடெங்கும் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. நாம் வசிக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பாஸ்போர்ட்டையும் உரிமத்தையும் காட்டி இதைப் பெறலாம். ஓராண்டுக் காலம் செல்லும். ஆனால் இது தனித்து நிற்கும் உரிமம் அன்று. மூல உரிமத்துக்கு இது ஒருவகை மொழிபெயர்ப்பு எனலாம். மூலம் கையில் இல்லாத மொழிபெயர்ப்புக்கு மதிப்பு ஏது? ஆகவே இரண்டையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது, கடன் அட்டை. வாடகை நிறுவனங்கள் வண்டியை ஒப்படைக்குமுன் ஒரு பெருந்தொகையைப் பிணையாக நிறுத்தி வைக்கின்றன. யார் பெயரில் வண்டி எடுக்கப்படுகிறதோ, அவர் பெயரிலேயே அட்டையும் இருத்தல் வேண்டும் என்று பெரும்பாலும் கேட்கின்றனர். பயணத்துக்கென்று நாம் எடுக்கும் மருத்துவக் காப்பீடு நம் உடலுக்குத்தான். வாடகைக் காருக்கு நேரும் சேதத்தை அது ஏற்காது. இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்கிறோம். ஐஸ்லாந்தில் வலப்புறம் செல்ல வேண்டும். அந்நாட்டினரும் ஒரு காலத்தில் நம்மைப்போல் இடப்புறமே சென்றவர்கள். 1968-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள், ஒரே காலைப்பொழுதில், நாடு முழுவதும் வலப்புறத்துக்கு மாறியது. ஒரு நாடே ஒரு நாளில் மாற முடிந்ததை நினைத்து நானும் துணிவு கொண்டேன். ஆயினும் முதல் இரண்டு நாட்கள் என் கை பழைய வழியிலேயே சென்றது. திரும்புவதற்கு விளக்கைப் போட நினைப்பேன். கண்ணாடி துடைக்கும் கோல்கள் ஆடத் தொடங்கும். என் மகள் சிரிப்பாள். நகரத்துக்குள் வேறொரு புதுமையும் உண்டு. இரு தடங்கள் உள்ள சாலை வட்டங்களில், உள்தடத்தில் வருபவருக்கே வெளியேறும் முன்னுரிமை. வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும். இதை அறியாமல் சென்றால் முதல் வட்டத்திலேயே மோதல் நேரும். பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டுவோர் கியர் மாற்றும் கவலையையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நலம்.

இனி, அந்த ஒப்பந்தத்துக்கு வருவோம். கெப்ளவிக் விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது நள்ளிரவு. இரண்டு விமானங்கள் மாறி வந்த களைப்பு. வாடகை நிறுவனத்தின் மேசையில் இருந்த இளைஞர் பணிவாகவே பேசினார். எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றனர். அவர் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின்மேல் விரலை வைத்து, "காற்றைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறது, கவனமாக இருங்கள்" என்றார். நான் தலையசைத்தேன். பின்னால் நிற்பவர்களைக் காக்கவைக்கலாகாது என்னும் எண்ணம் எனக்கு. தாட்சணியம் தன நாசம் என்று நம் முன்னோர் சொன்னது வீணன்று.

அந்த ஒப்பந்தத்தில் என்னதான் இருந்தது? மோதல் சேத வெய்வர் என்றொரு சொல் இருந்தது. நம்மவர் பலரும் இதைக் காப்பீடு என்றே எண்ணிவிடுகிறோம். வெய்வர் என்பதன் பொருள் விட்டுக்கொடுத்தல். வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் முழுத் தொகையையும் நம்மிடம் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு; அந்த உரிமையில் ஒரு பகுதியை அது விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. விட்டுக்கொடுக்காத பகுதிக்கு எக்ஸஸ் என்று பெயர். அகராதியைப் பார்த்தால் மிகுதி என்று பொருள் கிட்டும். வாடகை ஒப்பந்தத்தில் அது நம் தலையில் விழும் தொகை. என் மேசைக்கு வந்திருந்தால் 'தன்பொறுப்புத் தொகை' என்று எழுதியிருப்பேன். மேசைக்கு அப்பால் நின்றபோது அச்சொல் என் கண்ணில் படவே இல்லை.

மேலும், விட்டுக்கொடுப்பவற்றைவிட விட்டுக்கொடாதவற்றின் பட்டியலே நீளமானது. ஐஸ்லாந்தில் சரளைக்கற்கள் தெறித்து முன்கண்ணாடி உடைதல் தனி; மணலும் எரிமலைச் சாம்பலும் பறந்து வண்ணப்பூச்சை உராய்தல் தனி. இவற்றுக்கு வேறு பணம் கட்டிப் பாதுகாப்புப் பெறலாம். ஆற்றுநீரில் வண்டியை இறக்கியதால் வரும் கேடும், காற்று பறித்துக் கதவுக்கு வரும் கேடும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எந்தப் பாதுகாப்பிலும் சேரா. டயர்களும் வண்டியின் அடிப்பாகமும் பல ஒப்பந்தங்களில் அவ்வாறே. நடுத்தீவின் மேட்டுநிலச் சாலைகளுக்கு எண்ணின் முன்னால் 'எஃப்' என்னும் எழுத்து இருக்கும். அவை கோடையில் மட்டுமே திறப்பன. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளுக்கே சட்டப்படி உரியன. சிறு காரை அங்கே ஓட்டிச் சென்றால் சட்டமும் துணை வராது, காப்பீடும் துணை வராது.

அன்றிரவு எங்களைக் காத்தது என் மகளின் செயல் ஒன்றே. நாங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவள் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு சக்கரத்தையும், முன்கண்ணாடியின் மூலையில் இருந்த ஒரு சிறு வெடிப்பையும் படம் எடுத்து வைத்தாள். "எதற்கம்மா இந்தக் குளிரில்?" என்று நான் கேட்டேன். "இருக்கட்டும் அம்மா" என்றாள். அந்தப் படங்களின் அருமை பின்னால் தெரிந்தது.

மறுநாள் தலைநகரான ரெய்க்யவிக்கை விட்டுத் தென்கரை வழியே கிழக்கு நோக்கிச் சென்றோம். ஊர்களுக்கு வெளியே தார்ச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80, ஊருக்குள் பொதுவாக 50 என்பது அங்குள்ள வரம்பு. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் கருமலைகள், மலைமுகட்டில் வெண்பனி, அங்கங்கே அருவிகள், வழியெங்கும் ஆடுகள். எனக்கு இவற்றோடு அந்நாட்டுச் சாலைப் பலகைகளும் பேரின்பம் தந்தன. 'எயின்பிரெய்த் புரூ' என்று ஒரு பலகை: ஒரு வண்டி அகலமே உள்ள பாலம் என்பது பொருள். முதலில் பாலத்தை அடைந்தவர் முதலில் செல்வது அங்கே வழக்கம். 'பிளிந்த்ஹைத்' என்று மற்றொன்று: எதிர் வருவது தெரியாத குருட்டு மேடு. 'மால்பிக் எண்டார்' என்று வேறொன்று: தார்ச்சாலை முடிகிறது. எவ்வளவு சுருக்கம்! எவ்வளவு தெளிவு! ஓட்டுபவரின் உயிரைக் காக்க விரும்புபவர் இரண்டே சொற்களில் எழுதுகிறார். பணத்தைக் காக்க விரும்புபவரோ பத்தொன்பது பக்கம் எழுதுகிறார்.

அன்று பிற்பகல் வீக் என்னும் கடற்கரைச் சிற்றூரை நெருங்கினோம். வானிலைச் செய்தியில் காற்றின் வேகம் 18 என்று காலையிலேயே பார்த்திருந்தேன். மணிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் என்றால் தென்றல்தானே என்று எண்ணிவிட்டேன். அந்நாட்டில் காற்றை அளப்பது விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று. விநாடிக்கு 18 மீட்டர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். எண்ணைப் படித்தேன், அதன் பக்கத்தில் இருந்த அலகைப் படிக்கவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தினேன். என் மகள் பின்கதவின் கைப்பிடியை இழுத்தாள். அடுத்த நொடி, கதவு அவள் கையிலிருந்து பறந்து, முன்பக்கமாக மடங்கி, ஏதோ முறியும் ஓசை கேட்டது. கீல் வளைந்துவிட்டது. "அம்மா, நான் மெல்லத்தான் திறந்தேன். காற்றுதான் பிடுங்கிக்கொண்டது" என்று அவள் நடுங்கினாள். நான் சினந்து இரண்டு சொல் கூறிவிட்டேன். கதவை எப்படியோ சேர்த்து மூடினோம். அதன்பின் அந்தப் பயணம் முடியும்வரை, நான் இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தாலன்றி அவள் இருக்கையைவிட்டு எழவில்லை. அது எனக்குக் கதவின் கீலைவிட அதிகமாக வலித்தது.

அன்றிரவு விடுதியில் அமர்ந்து பத்தொன்பது பக்கங்களையும் படித்தேன். ஏழாம் பக்கத்தில், அந்த இளைஞர் விரல் வைத்த இடத்தில், காற்றினால் கதவுக்கு நேரும் சேதம் முழுவதும் வாடகைக்கு எடுத்தவரையே சாரும் என்று தெளிவாக இருந்தது. பிழை குழந்தையுடையதன்று, என்னுடையது. காற்றை எதிர்நோக்கி வண்டியை நிறுத்த வேண்டும், அப்போது காற்றே கதவை மூடித் தரும். ஒருவர் பின் ஒருவராக, இரு கையாலும் பிடித்துத் திறக்க வேண்டும். இந்த எளிய செய்தியைத்தான் அவர் கூற முயன்றார். மேலும் படித்தேன். ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்படாதவர் ஓட்டினால் எல்லாப் பாதுகாப்பும் நீங்கும் என்று இருந்தது. என் கணவரின் பெயரைச் சேர்க்க மறந்திருந்தோம். ஆகவே பத்து நாளும் நானே ஓட்ட வேண்டியதாயிற்று. அதிகாரிகள் மூடிய சாலையில் சென்றாலும் பாதுகாப்பு நீங்கும் என்று மற்றொரு விதி. அது இரண்டாம் நாளே பயன்பட்டது.

வீக்கிலிருந்து கிழக்கே செல்லும் வழியில் ஸ்கெய்தரார்சாந்துர் என்னும் மாபெரும் கருமணல் வெளி இருக்கிறது. வட்னயோகுல் பனிப்பாறையிலிருந்து உருகி வரும் ஆறுகள் அங்கே தடம் மாறி மாறி ஓடுவன. அவற்றின்மேல் பாலம் அமைப்பது அரிதாக இருந்தமையால், மற்ற பகுதிகள் முடிந்த பின்னும் வட்டச் சாலை இங்கே துண்டுபட்டுக் கிடந்தது. அந்நாட்டில் மக்கள் குடியேறிய 1,100-ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட 1974-இல்தான் பாலங்கள் திறக்கப்பட்டு வட்டம் நிறைவுற்றது. 1996-ஆம் ஆண்டில் பனிப்பாறையின் அடியில் எரிமலை வெடித்தது. நவம்பர் மாதம் பெருவெள்ளம் பாய்ந்து ஒரு பாலத்தை அடியோடு கொண்டுசென்றது, மற்றொன்றைச் சிதைத்தது. முறுக்கிக் கிடக்கும் இரும்பு உத்திரங்களை இன்றும் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை அந்தப் பகுதி சாலை வரைபடத்தில் சிவப்பாக இருந்தது. காற்று விநாடிக்கு 28 மீட்டர். மணிக்கு நூறு கிலோமீட்டர் என்று இப்போது எனக்குக் கணக்குத் தெரியும். அப்பால் ஹொப்ன் என்னும் ஊரில் அன்றிரவுக்கு அறை பதிவு செய்து பணமும் கட்டியிருந்தோம். திரும்பக் கிடைக்காத பணம். என் கணவர் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சுவிட்டார். விடுதி நடத்தும் அம்மையார், "இன்று போக வேண்டாம். நாளை நண்பகலுக்குள் திறந்துவிடுவார்கள்" என்றார். தங்கினோம். எங்களோடு காலையுணவு உண்ட இளம் தம்பதியர், கட்டிய பணத்தை இழக்க மனமின்றித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு சென்றுவிட்டனர் என்று பிற்பகலில் அறிந்தோம்.

மறுநாள் அவர்களுடைய காரைக் கண்டோம். மணல்வெளியின் நடுவே சாலையைவிட்டு இறங்கி நின்றது. காற்றுப் பக்கத்துக் கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கியிருந்தன. வண்ணப்பூச்சு உரிந்து தகரம் வெளுத்திருந்தது. அதில் சென்றவர்கள் உயிர் தப்பினர். மீட்புக் குழுவினர் இரவில் வந்து அவர்களை அழைத்துச் சென்றிருந்தனர். அந்நாட்டில் மீட்புப் பணி செய்வோர் ஊதியம் பெறாத தொண்டர்கள் என்பதை நேயர்கள் அறிய வேண்டும். தம் வீட்டையும் வேலையையும் விட்டு, நூறு கிலோமீட்டர் காற்றில், அறியாத ஒருவரின் ஓரிரவு அறைவாடகைக்காக அவர்கள் புறப்பட்டு வருகிறார்கள். என் கணவர் அந்தக் காரைப் பார்த்தபின் ஹொப்ன் அறையைப் பற்றிப் பேசவே இல்லை.

எஞ்சிய பயணம் இனிதே நிறைவேறியது. கிழக்குக் கடற்கழிகளையும் மீவாட்ன் ஏரியையும் கண்டு, வடநகரான அகுரேய்ரியை அடைந்தோம். அந்நகருக்கு அருகே ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கப்பாதை ஒன்று உண்டு. சுங்கச் சாவடி ஏதும் இராது. கட்டணத்தை நாமே இணையத்தில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய கூலியும் சேர்ந்து நம்மிடம் வரும். இதையும் நான் படித்தே அறிந்தேன்.

காரைத் திருப்பிக் கொடுத்தது விடியற்காலை நான்கு மணிக்கு. அலுவலகம் பூட்டியிருந்தது; சாவியைப் போட ஒரு பெட்டி மட்டும் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாவியைப் போட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். அந்த எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி எழுதி, சாவியோடு சேர்த்துப் போட்டேன்.

இரண்டு வாரங்களுக்குப் பின் கணக்கு வந்தது. கதவுக்கு என் இரண்டு மாத ஊதியத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை. அது நியாயமான கணக்கு; கட்டினேன். ஆனால் முன்கண்ணாடி வெடிப்புக்கும் ஒரு தொகை எழுதியிருந்தார்கள். அது நாங்கள் எடுக்கும்போதே இருந்தது. மகள் அன்றிரவு எடுத்த படங்களை, எடுத்த நாளும் நேரமும் தெரியும்படி அனுப்பினேன். மூன்று வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் அந்தத் தொகையை நீக்கிவிட்டார்கள். கதவைப் பற்றி மறைக்காமல் எழுதியிருந்தமையால், கண்ணாடியைப் பற்றி உறுதியாக வாதிட எனக்கு வாய் இருந்தது.

ஆகவே, அயல்நாட்டில் கார் எடுக்க நினைக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சிலவே. ஒப்பந்தத்தை ஊரிலேயே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வரவழைத்து, சாவகாசமாகப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதை இணையத்தில் வைத்திருக்கின்றன. எது சேரும் என்று கேட்பதைவிட எது சேராது என்று கேளுங்கள். தன்பொறுப்புத் தொகை எவ்வளவு என்று நம் ரூபாயில் கணக்கிடுங்கள். ஓட்டக்கூடிய இருவரின் பெயரையும் எழுதுங்கள். வண்டியைப் பெறும்போதும் விடும்போதும் சுற்றி வந்து படம் எடுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். அந்த நாட்டுக்கு வேண்டிய பாதுகாப்பை வாங்கிக்கொள்ளுங்கள். திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக வையுங்கள். மூடிய சாலையின் முன் அந்த ஒரு நாள் உங்களுக்குத் துணிவு தரும். மேசைக்கு அப்பால் ஒருவர் ஒரு வரியின்மேல் விரல் வைத்தால், பின்னால் எத்தனை பேர் நின்றாலும் சரி, அந்த வரியைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

இப்போது தில்லியில் எங்கள் வீட்டுக் காரில் ஏறினாலும், இறங்குமுன் என் மகள் ஒரு கணம் மரங்களைப் பார்க்கிறாள். இலை அசையாத நாளிலும் அவள் இரு கையாலும்தான் கதவைத் திறக்கிறாள்.